கோன் எவ்வளவு தூரம் போகும்

குருவுக்கு வயது முப்பது. சீடருக்கு ஐம்பத்து நாலு. பாதித் தொல்லை இதிலேயே இருந்தது.

குருவின் பெயர் தமயந்தி. திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற ரோட்டில், ஒரு டயர் கடையை ஒட்டி, கார்களுக்கும் வேன்களுக்கும் பாட்டு செட் வைத்துக் கொடுக்கிற கடை அவளுடையது. கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் கோன் ஒட்டி ஒட்டிப் படித்த படிப்பு. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டினான். கைக்குழந்தை கடையின் பின்பக்கம் தூளியில் தூங்கும்.

சீடரின் பெயர் பொங்கியண்ணன். மீசை முளைக்கும் முன்னேயே விசைத்தறி ஓட்டப் போனவர். மாசி மாதம் ஒரு காலையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியும் கையுமாக வந்து நின்று, இந்த பேஸ் வேலையை எனக்குக் கத்துக் குடுங்க அம்மிணி என்றார். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்று தமயந்தி கேட்டாள். அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. முறைக்குச் சித்தப்பா என்று கூப்பிட வேண்டிய வயசு. கடை என்பதால் அண்ணா என்றாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு யாரிடமும் அது வந்ததில்லை. அவள் பேசுவதே பாதி தரைக்குத்தான் கேட்கும்.

வேறு ஆளாக இருந்தால் தப்பு செய்கிறபோது தலையில் ஒரு குட்டு வைத்து முடித்துவிடலாம். ஐம்பத்து நாலு வயசுக்காரரை 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். 'ங்க' போட்டால் திட்டு இனித்துப் போய்விடுகிறது.

தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வேனின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பதிந்திருக்கும். ஊஃபர் என்பார்கள். பாட்டில் வருகிற தடதடப்பெல்லாம், அதாவது பேஸ், அதன் வேலை. நடுவில் இருக்கிற கிண்ணம்தான் கோன். அதன் முதுகில் ஒரு செப்புக் கம்பிச் சுருள், காயில் என்று பேர். காயில் காந்தத்தின் நடுச்சந்தில் நிற்கும். பாட்டு வந்தால் காயில் முன்னும் பின்னும் ஓடும், கோனும் கூடவே ஓடும்.

அந்த ஓட்டத்துக்கு ஓர் அளவு உண்டு. அளவைத் தாண்டினால் காயில் காந்தத்தின் பிடியை விட்டு வெளியே வந்துவிடும். பிடி விட்டபின் கோன் ஆடும், பாடாது. இன்னும் தள்ளினால் பின்னால் போய் இடிக்கும். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த நொடியே, ஒலியைக் கூட்டுகிற திருகைக் குறைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கிழியும்.

பொங்கியண்ணன் எடுக்க மாட்டார்.

டக் டக்கென்று பூட்டிய அறைக்குள் இருந்து கதவைத் தட்டுகிற மாதிரி ஊஃபர் கதறும். அவர் முகத்தில் ஒரு சாந்தமான சிரிப்போடு திருகை இன்னும் கொஞ்சம் கூட்டுவார். கடையின் மறுகோடியில் இருந்து தமயந்தி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

வந்த வாரமே அவர் ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறமும் கேட்டது அந்த ஒரே கேள்விதான்.

“கோன் எவ்வளவு தூரம் போகுமுங்க?”

இத்தனை மில்லிமீட்டர் என்று ஓர் எண்ணைச் சொல்லலாம். ஆனால் எண் ஊஃபருக்கு ஊஃபர் மாறும், பெட்டிக்குப் பெட்டி மாறும். சொன்னால் இவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். அதனால் செய்து காட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

அவரைத் தூளிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். மெல்ல ஆட்டினாள். குழந்தை தூங்கியது. பிறகு வீசி ஆட்டினாள். கயிறு விட்டத்தில் முறுகி, தூளி ஒரு வெட்டு வெட்டியது. குழந்தை வீரிட்டது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் கழுத்தோரம் முகத்தை வைத்தபடியே, கயிறு விடற தூரம்தாங்ணா தாலாட்டு, அதுக்கு மேல போனா வெறும் குலுக்கல் என்று சொன்னாள். பொங்கியண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார்.

மறுநாளிலிருந்து ஊஃபரைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போனார். உச்சி வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாட்டுப் போட்டார். எதற்காக என்று தமயந்திக்குப் புரியவில்லை. வேனுக்குள் நெஞ்சை இடிக்கிற பேஸ் வெட்டவெளியில் காற்றோடு போய்விடும். போதவில்லை என்று அவர் கூட்டினார். மேலும் கூட்டினார். முதல் கோன் கிழிந்தது.

புதுசில் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த முறை அவர் கேட்டபோது, தன் பின்னலில் இருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி அவர் கண்ணுக்கு நேராக இழுத்தாள். இழுக்க இழுக்க ரப்பர் வெளுத்தது. வெளுத்த இடத்தில் நிறுத்தினாள். இதுக்கப்புறம் இதுக்குப் போக எடமில்லீங்ணா, வெளுக்கும்போதே நின்னுக்கோணும் என்று ரப்பரைக் குனிந்து பார்த்தபடி சொன்னாள். அவர் அதை வாங்கி இழுத்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். புரிந்துவிட்டது என்று கையைக் காட்டினார்.

திங்கட்கிழமை கடையில் இருந்த எல்லா ஊஃபருக்கும் விளிம்பு ரப்பரில் விளக்கெண்ணெய் பூசி வைத்திருந்தார். தறியில் குறுக்கு நூலோடு ஓடுகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற தோல் துண்டை, பிக்கர் என்பார்கள், எண்ணெயில் ஊறப் போடுவார்கள், ஊறினால்தான் வெடிக்காது. அந்தப் பழக்கம். தோலுக்குச் சரி. ரப்பர் ஊறி உப்பி, பசை இளகி, விளிம்பு கொழகொழவென்று கையோடு வந்தது. தமயந்தி பின்பக்கம் போய் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். வீட்டில் சொன்னபோது புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நல்ல குரு கிடைப்பதுதான் அரிது என்பார்கள், உனக்குச் சீடன் அல்லவா அரிதாகக் கிடைத்திருக்கிறான் என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் விடியக் காலையில் வந்து கடையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, குழந்தையின் ஈரத்துணியைக்கூடச் சொல்லாமலே கொடியில் போட்டுவிட்டு நிற்பார். அப்படி நிற்கிற ஆளிடம் எந்த வாயால் சொல்வது.

கடைசியாகக் காட்டியது தண்ணீர் பாட்டில். காலிப் பாட்டிலை மூடி போட்டு இறுக்கி, உள்ளங்கையால் அமுக்கினாள். கொஞ்சம் உள்ளே போய், அதற்கு மேல் அமுங்காமல் நின்றது. மூடியைக் கழற்றி அமுக்கினாள். அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ள அடைச்சு வெச்ச காத்துதாங்ணா பிடிச்சு நிறுத்துது, பெட்டியும் அப்படித்தான் என்று நொறுங்கின பாட்டிலிடம் சொன்னாள். பொங்கியண்ணனின் கண் அகல விரிந்தது. இந்தத் தடவை நிஜமாகவே புரிந்துவிட்டது என்று அவளும் நம்பினாள்.

அது முந்தாநாள்.

இன்று காலை கடையைத் திறப்பதற்குள் வேன்காரர் வந்து நின்றார். நாளை விடிந்தால் காலேஜ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போகிற வேன். நேற்று சாயங்காலம்தான் தமயந்தி தன் கையால் பெட்டி செய்து, காற்றுப் புகாமல் மூடி, புது ஊஃபர் வைத்துக் கொடுத்திருந்தாள். பாட்டைப் போட்டதும் கோன் எகிறி முன்னால் வந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது என்றார் வேன்காரர்.

பெட்டியை இழுத்துப் பார்த்தாள். பின்பலகையில், காபி டம்ளர் அகலத்துக்கு, அழகான வட்டமாக ஒரு ஓட்டை.

“நான்தானுங்க” என்றார் பொங்கியண்ணன். “நேத்து வேன்ல ஏத்தறதுக்கு முன்ன, மூச்சு முட்டாம ஆடட்டும்னு.”

வேன்காரர் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். உங்க சீடப்பிள்ளை எலிக்கு வாசல் வெச்சுக் குடுத்திருக்காரு அம்மிணி, பால் காய்ச்சிடலாம் என்றார். சாயங்காலத்துக்குள் வேன் தயாராகவில்லை என்றால் இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன், என் சேக்காளிகளையும் வரவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேனை விட்டுவிட்டுப் போனார்.

தமயந்தி அப்போதே முடிவு செய்துவிட்டாள். இன்று சொல்லிவிட வேண்டும். நாளையிலிருந்து வராதீங்க என்று.

சொல்வதற்கு இரண்டு வார்த்தைதான். ஓட்டையை அடைக்கப் பலகை வெட்டும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். டயர் கடையில் பழைய ட்யூப் ரப்பர் ஒரு துண்டு வாங்கி வரும்போது சொல்லிப் பார்த்தாள். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

“அண்ணா.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

“டீ குடிச்சீங்களா?”

“ஆச்சுங்க.”

தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இன்னொரு தரம் போனாள். குழந்தைக்குப் பால் கலக்க வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் வெந்நீரும் வைத்தார், ஆற்றியும் வைத்தார். அது வேறு எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் பெட்டி அடைபட்டது. புது ஊஃபரை மாட்டி வேனுக்குள் ஏற்றினார்கள். தமயந்தி பின்சீட்டில் உட்கார்ந்து வயரை முடுக்கினாள். பொங்கியண்ணன் கதவோரம் நின்று திருகாணி எடுத்துக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரில் எந்த அளவுக்கு வைக்கலாம் என்று பார்த்து, திருகை நிறுத்தி, ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டாள். இதுக்கு மேல வேண்டாம் என்று அர்த்தம்.

பக்கத்து டயர் கடையில் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அந்தக் கம்ப்ரசர் ஓடினால் தெருவில் பேச்சு கிடையாது. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். தகரம் அதிர்ந்தது. வேனின் கண்ணாடி அதிர்ந்தது.

தமயந்தி ஸ்பேனரை எடுக்கத் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தபோது, பொங்கியண்ணனின் கட்டைவிரல் திருகின் மேல் இருந்தது. கோட்டைத் தாண்டி இத்துனூண்டு கூட்டியிருந்தார். கூட்டிவிட்டு, குழந்தைக்குத் திருட்டுத்தனமாக மிட்டாய் கொடுத்தவர் மாதிரி சிரித்தார்.

அவளுக்கு எங்கிருந்தோ ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. சத்தமாகச் சொல்ல அப்போதும் துணிச்சல் இல்லை. ஆனால் இந்த இரைச்சலில் யாருக்கு என்ன கேட்கப் போகிறது. கிணற்றுக்குள் குனிந்து திட்டுகிற மாதிரி, குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

நாளையிலிருந்து வராதீங்க. என்னால முடியல. உங்களுக்கு இந்த வேலை வராது.

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. வயரை எடுக்கக் குனிந்தாள்.

நிமிர்ந்தபோது கதவோரம் ஆள் இல்லை. திருகாணிகள் ஒரு துணியில் ஒழுங்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. திருகு கோட்டுக்குத் திரும்பியிருந்தது.

பொங்கியண்ணன் கடைக்குள் போய்த் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். அதை மொபெட்டின் கொக்கியில் மாட்டினார். தமயந்தி இறங்கி ஓடினாள். எங்கீங்ணா போறீங்க என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார். அருகில் போய் உரக்கக் கேட்டாள். அவர் பெட்ரோல் குழாயைத் திறந்துகொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

அப்போதுதான் அவர் ஏறிட்டார். கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் வாயைத்தான் என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

நான் சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு என்றாள். கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

“கேக்கலீங்க” என்றது அவர் வாயசைவு. “பாத்தனுங்க.”

கம்ப்ரசர் நின்றது. தெரு திடீரென்று வெறிச்சென்று ஆனது. அவர் சொன்னார். தறிக் குடோனில் இரைச்சலுக்கு நடுவில் பேச்சு என்றால் வாயைப் பார்ப்பதுதான், கையைப் பார்ப்பதுதான். அங்கே ஒருத்தர் பேசினால் முகத்தைக் காட்டிப் பேசுவார்கள். வலது காது போயே போச்சு. இடது காதில் கனமான சத்தம் மட்டும் கொஞ்சம் வரும். டக்கு டிக்கெல்லாம் வந்து ரொம்ப நாளாச்சு.

“நீங்க குனிஞ்சு குனிஞ்சு பேசறீங்க அம்மிணி. பாதி நாள் எனக்கு உங்க வகிடுதான் தெரியுது.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“பாட்டுக் கடைல செவிடனை யாருங்க வெச்சுக்குவா?”

அவள் விரலால் பின்பக்கத் தூளியைக் காட்டினாள். அன்றைக்கு அதை ஆட்டினேனே, என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டாள். உங்க சத்தத்துல கொழந்தை முழிச்சுக்குதுன்னு சொன்னீங்கன்னு நெனச்சேன் என்றார், அதனாலதான் வெய்யில்ல போய் உக்காந்தேன். ரப்பர் பேண்டு? வறண்டு வெளுத்துப் போச்சு, எண்ணெய் போடுன்னு. பாட்டில்? மூடியைத் திறந்தா சுளுவா அமுங்குது, பெட்டியையும் திறந்து விடுன்னு.

தமயந்திக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் எதுக்கு வேற எந்த வேலையும் இல்லாத மாதிரி இந்த வேலைக்கு வந்தீங்க என்றாள்.

அவர் வேனைப் பார்த்தார். போன தைப்பூசத்துக்கு இந்த மாதிரி ஒரு வேனில் பழனிக்குப் போனாராம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாராம்.

“நெஞ்சுல அடிச்சுதுங்க. பாட்டுன்னு ஒண்ணு எனக்கு வந்து எத்தனையோ வருசம்.”

அவ்வளவுதான் சொன்னார். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் குறையவில்லை. கூடியது. யார் மேல் என்று தெரியாத கோபம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டை கிழியக் கத்தினாள். முதல் நாளே சொல்லியிருக்கலாம் இல்லையா, இத்தனை கோனைக் கிழித்து இத்தனை பேரிடம் என்னை நிற்க வைத்து, வேன்காரர் எலிக்கு வீடு என்கிறார், வீட்டில் சிரிக்கிறார்கள், நான் யாரிடம் போய்ச் சொல்ல என்று மூச்சு விடாமல் கத்தினாள். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குழந்தை எழுந்து அழுதது.

பொங்கியண்ணன் தலையாட்டினார். அதே பயபக்தியோடு. அவள் வாய் அத்தனை வேகத்தில் எதைச் சொன்னது என்று அவருக்கு ஒன்றுமே பிடிபட்டிருக்காது.

தமயந்தி நின்றுவிட்டாள். போய்க் குழந்தையைத் தூக்கி வந்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

போகறதுக்கு முன்னாடி அந்த ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க என்றார் அவர். இனிமேல் செய்யப் போவதில்லை. இருந்தாலும் தெரிந்துகொண்டு போகலாம்.

“கோன் எவ்வளவு தூரம் போகுமுங்க?”

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து வேனுக்குள் ஏற்றினாள். பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, அவர் விரல்களில் இரண்டை எடுத்துக் கோனின் ஓரத்தில், பூவைத் தொடுகிற மாதிரி, வைத்தாள். மற்ற விரல்களை மடக்கிவிட்டாள். எதிரில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை அவள் மடியில் வயரைப் பிடித்து இழுத்தது.

பாட்டைப் போடவில்லை. கனத்த ஒலி ஒவ்வொன்றாக நீட்டி வருகிற டெஸ்ட் ட்ராக்கைப் போட்டாள். திருகைத் தொட்டாள்.

முதலில் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கூட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தறி ஓடும்போது நூல் மேல் விரலை விட்டுப் பார்க்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். இன்னும் கூட்டினாள். கோன் ஓடுவது கண்ணுக்கே தெரிந்தது. வேனின் தரைத் தகரம் உறுமியது. குழந்தை வாயைத் திறந்து ஆவென்றது. அந்த ஆவும் நடுங்கியது. தமயந்தி காதைத் தீட்டிக்கொண்டு டக்குக்காகக் காத்திருந்தாள்.

“போதுமுங்க” என்றார்.

அவள் கையை நிறுத்தினாள். டக் வரவில்லையே. கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

“போறப்ப பதமாப் போகுது. திரும்பறப்ப ஒரு வெட்டு. நாடா பெட்டிக்குள்ள சரியா உக்காராம திரும்பினா இப்படித்தான் இருக்கும்.”

அவள் திருகை மயிரிழை கூட்டினாள்.

டக்.

உடனே குறைத்தாள். அது அவருக்குக் கேட்கவில்லை. விரலுக்கு மட்டும் தெரிந்தது. சுட்ட மாதிரி கையை எடுத்துவிட்டார். எடுத்த கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, இத்தனை நாளும் இதுதானுங்களா என்றார். இத்தனை நாளும் அதுதான் என்று அவள் தலையசைத்தாள். இந்த அடி எத்தனை கோனுக்கு எத்தனை தடவை விழுந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கிற மாதிரி அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் போனார்.

இன்னொரு தரம் போட்டாள். இந்த முறை முன்னமே நிறுத்தச் சொன்னார். ரொம்ப முன்னமே, பயத்தில். அவள் உதட்டைப் பிதுக்கினாள். இன்னொரு தரம். அவளுக்குப் பொறுமை இல்லாமல் போய்க் குழந்தையின் கையிலிருந்து வயரைப் பிடுங்கினாள். இன்னொரு தரம். அதில் சரியாக நிறுத்தினார். அவளே நிறுத்தியிருந்தால்கூட அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பாள், ஆனால் அந்த இடம் தெரிய அவளுக்கு முதலில் டக்கென்று ஒன்று கேட்டாக வேண்டும்.

தமயந்தி முகத்தை நிமிர்த்தினாள். வகிடு தெரியாத மாதிரி, வாய் முழுசும் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“வேன்காரர் வர்றப்ப, நீங்கதான் கை வெச்சுப் பாத்துக் குடுக்கோணும்.”

அவர் சரியாகத்தான் பார்த்தோமா என்ற சந்தேகத்தில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் தரம் சொன்னாள். நாளைக்கும் ஒரு கார் வருது, அதுக்கும் நீங்கதான் என்றாள்.

“சரிங்க அம்மிணி.”

அந்த டெஸ்ட் ட்ராக்கில் கடைசியாக இன்னும் கனமாக, இன்னும் கீழே ஓர் ஒலி இருந்தது. பாட்டில் எப்போதாவதுதான் அவ்வளவு கீழே போகும். திருகைத் தொடாமல் அதையும் ஓட விட்டாள். பொங்கியண்ணன் விரலை வைத்தார். வைத்ததும் புருவம் ஏறியது. இதுவரைக்கும் ஆடியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி கோன் உள்ளே போய் வெளியே வந்தது. ரப்பர் விளிம்பு இழுபட்டு வெளுத்தது. அவர் அவசரமாகக் கையைக் காட்ட, அவள் குறைத்தாள். குறைத்தும் ஆடிக்கொண்டிருந்தது.

“இத்தனை ஆட்டம் ஆடுதே” என்றார். “உங்களுக்கு இது எப்படீங்க கேக்குது?”

தமயந்தி காது கொடுத்துப் பார்த்தாள். எங்கோ ஒரு ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது. ரோட்டில் ஒரு பஸ் போனது.

“கேக்கலீங்ணா.”

“காது நல்லா இருக்கறவங்களுக்குமா?”

“இவ்வளவு கீழ போனா யாருக்குமே கேக்காதுங்ணா. கேக்கலையேன்னுதான் எல்லாரும் கூட்டிக்கிட்டே போறோம்.”